அப்பா அரிசியை விட்டுவிட்டார், மாத்திரையையும் விடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை நோய். க்ளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்று, போன வருடம் டாக்டர் கூடுதலாக எழுதிய டாபாக்ளிஃப்ளோசின் ஒன்று. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி கடைசியாக எடுத்தபோது 8.9. சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டதில், மூன்று வாரமாக அரிசி, இட்லி, தோசை எதையும் அவர் தொடுவதில்லை. காலையில் 100 பாதாம், மதியம் நெய்யில் வதக்கிய காய்கறி, இரவில் முட்டை அல்லது கறி. வெறும் வயிற்றுச் சர்க்கரை 190-இலிருந்து 118-க்கு இறங்கிவிட்டது. அம்மா வேறு வழியில் போகிறார்: சிறுதானியம், கருப்பட்டிக் காபி, இந்துப்பு, செக்குத் தேங்காய் எண்ணெய். "இதில் எது உண்மை, எது கட்டுக்கதை?" என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "அடுத்த மாதம் மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொல்கிறார், தடுக்கவா விடவா?" அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் மருத்துவர் இல்லை. உணவியல் படித்துவிட்டு, சர்க்கரை நோய்ப் பிரிவில் பல வருடங்களாக டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நான் சொல்லக் கூடாது, இங்கே சொல்லவும் மாட்டேன். ஆனால் அப்பா இப்போது சாப்பிடும் உணவும் அந்த மாத்திரைகளும் சேரும்போது என்ன நடக்கும் என்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அம்மாவின் கருப்பட்டிக் காபி ஒரு வாரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. முதல் மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாலாவது வாரமும் ஆகாது என்று இருந்துவிடாதீர்கள்.

க்ளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் மூன்று வேளை சோறு சாப்பிட்டாலும் சரி, ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் சரி, அது தன் வேலையைச் செய்யும். பழைய சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்து எழுதிய அளவை அப்படியே போட்டுக்கொண்டு மாவுச்சத்தை மட்டும் திடீரென்று எடுத்துவிட்டால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்க வாய்ப்பு அதிகம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி, பேச்சில் குழப்பம் என்று அது தெரியவரும். வயதானவர்களுக்கு சில சமயம் இந்த அறிகுறிகள் ஒன்றும் இல்லாமல் நேராகத் தலைசுற்றி விழுவதும் உண்டு. அதிகாலையில் சட்டை நனையும் அளவு வேர்த்து எழுந்திருக்கிறாரா என்று அப்பாவிடம் கேளுங்கள். "டயட் வேலை செய்கிறது, அதான் உடம்பு நச்சை வெளியேற்றுகிறது" என்று அந்தக் குழுக்களில் விளக்கம் சொல்வார்கள். அது நச்சு வெளியேறுவது இல்லை, சர்க்கரை தாழ்ந்துபோவது. அப்படி ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாதாமும் நெய்யும் அந்த நேரத்துக்கு உதவாது, அவை சர்க்கரையை வேகமாக ஏற்றாது. 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டாலும் இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிட வையுங்கள், ஏனென்றால் இந்த மருந்து நீண்ட நேரம் உடம்பில் நிற்கும். ஒரு முறை ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரிதான்.

இரண்டாவது ஆபத்து பலருக்கும் தெரியாதது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். டாபாக்ளிஃப்ளோசின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்று நிரூபணமான மருந்து. 2020-க்குப் பிறகு நம் ஊர் கம்பெனிகள் தயாரிக்க ஆரம்பித்து விலை இறங்கியதால் இன்று மிகப் பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் மாவுச்சத்தை அறவே நிறுத்தினால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன்கள் என்ற அமிலப் பொருள்களை உண்டாக்கும். இந்த மருந்தும் அதே திசையில் தள்ளும். இரண்டும் சேரும்போது ரத்தம் அமிலமாகிவிடும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம். வழக்கமாக இது சர்க்கரை 400, 500 என்று போனால் வருவது. இந்த மருந்தோடு வரும்போது மீட்டரில் 160, 180 என்று சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும், அதுதான் வம்பு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இலேயே இதைப் பற்றி எச்சரித்துவிட்டது. அடிக்கடி வருவது இல்லை, வந்தால் உயிருக்கு ஆபத்து. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, காரணமில்லாத மூச்சு வாங்கல் ஆகியவற்றில் எது வந்தாலும் "சர்க்கரை நார்மலாகத்தானே இருக்கிறது" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போய், மாத்திரையின் பெயரையும், மாவுச்சத்தே சாப்பிடுவதில்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

ஆகவே இன்றைக்குச் செய்ய வேண்டியது இதுதான். மாத்திரை எழுதிய டாக்டரை இன்றோ நாளையோ பாருங்கள், குறைந்தது போனிலாவது பேசுங்கள். அதுவரை அப்பா ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் மாவுச்சத்தைத் திரும்பச் சேர்க்கட்டும்: இரண்டு இட்லி, அல்லது ஒரு சிறிய கிண்ணம் சோறு. மாத்திரையை அவராக நிறுத்தவும் வேண்டாம், பழைய அளவிலேயே இதே டயட்டைத் தொடரவும் வேண்டாம்.

சரி, இப்போது அப்பா பக்க நியாயத்துக்கு வருவோம். அரிசியைக் குறைத்ததால் அவருக்குச் சர்க்கரை இறங்கியது உண்மை. அதை மறுத்துப் பேசினால் நீங்கள் சொல்லும் வேறு எதையும் அவர் கேட்க மாட்டார். சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்துதான் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. அதைக் குறைத்தால் ஏற்றமும் குறையும். இதில் சந்தேகமே இல்லை. நம் சாப்பாட்டில் அது மிதமிஞ்சி இருக்கிறது என்பதிலும் சந்தேகம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்கள் சராசரியாகத் தங்கள் கலோரியில் 62 சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று 2025-இல் வெளியிட்டார்கள். நம் வீடுகளில் குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று என்று சோறு வருகிறது. பொரியல் ஓரத்தில் இரண்டு ஸ்பூன். டயட் சார்ட் எழுத உட்காரும்போது நான் முதலில் கேட்பது எந்த அரிசி என்று அல்ல, எத்தனை சுற்று என்றுதான்.

ஆனால் 118 என்பது குணமானதன் அடையாளம் இல்லை. அது டயட்டும் மாத்திரையும் சேர்ந்து கொண்டுவந்த எண். மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தி குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால்தான் சர்க்கரை நோய் தணிந்திருக்கிறது என்று சொல்லலாம் என 2021-இல் சர்வதேச நிபுணர் குழு வரையறை செய்தது. தணிப்பு என்பது கட்டுக்கதை இல்லை, நடக்கக் கூடியது. பிரிட்டனில் 306 பேரை வைத்து நடத்திய டைரக்ட் ஆய்வின் முதல் முடிவு 2017-இல் வந்தது. மாத்திரைகளை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்திவிட்டு, மூன்றிலிருந்து ஐந்து மாதம் ஒரு நாளைக்கு 850 கலோரி அளவுக்கே உணவு கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் அப்படிச் சாப்பிட்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்திருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களில் இது 86 சதவீதம். இரண்டு வருடத்தில் மொத்த எண்ணிக்கை 36 சதவீதமாகக் குறைந்தது. இதில் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும் விவரம் இரண்டு. ஒன்று, அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டது நோய் கண்டுபிடித்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களை மட்டும். பத்து வருடத்தைத் தாண்டியவருக்கு அந்த அளவு வாய்ப்பை எதிர்பார்க்க முடியாது. இரண்டு, அங்கே பலன் கொடுத்தது எடை குறைந்தது. அவர்கள் குடித்த பானத்தில் பாதிக்கு மேல் கலோரி மாவுச்சத்திலிருந்துதான் வந்தது, அரிசி வெறுப்பு எதுவும் அதில் இல்லை.

மாவுச்சத்தைக் குறைத்த உணவு பற்றித் தனியாகவும் ஆய்வுகள் உண்டு. 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆறு மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது, பன்னிரண்டு மாதத்தில் மற்ற உணவு முறைகளோடு இருந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. முதல் மூன்று மாதம் பிரமாதமாக இருக்கும். அப்புறம் பொங்கல், ஒரு கல்யாணம், ஒரு வெளியூர்ப் பயணம். கட்டுப்பாடு உடைந்த பிறகு பழைய அளவு சோறுக்கே திரும்பிவிடுவார்கள், அதற்குள் மாத்திரையும் நின்றுபோயிருக்கும். கண்ணிலோ காலிலோ பிரச்சினை வந்த பிறகு எங்களிடம் வருபவர்களில் இப்படி வந்தவர்கள் உண்டு. பத்து வருடங்களுக்கு மேல் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்பத் தகுந்த ஆய்வு எந்தப் பக்கமும் கிடையாது. "ஆயுளுக்கும் இதுதான்" என்று அடித்துச் சொல்பவரும், "இது விஷம்" என்று அடித்துச் சொல்பவரும் தங்களிடம் இல்லாத ஆதாரத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

அப்பா இருப்பது போன்ற தானியமில்லாத உணவு முறையைப் பேலியோ, அதாவது கற்கால உணவு, என்பார்கள். அதற்குச் சொல்லும் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். கற்கால மனிதன் தானியம் சாப்பிடவில்லை, அதனால் நம் உடம்பு தானியத்துக்கு ஏற்றதில்லை என்கிறார்கள். 1985-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரைதான் கற்கால உணவு என்ற எண்ணத்தைப் பரவலாக்கியது. அதற்குப் பிறகு, நியாண்டர்தால் மனிதர்களின் பல்லில் படிந்திருந்த காறையில் சமைத்த மாவுச்சத்தின் துகள்களே கிடைத்தன. இராக்கின் ஷானிதார் குகையிலிருந்து எடுத்த பற்கள் பற்றிய அந்த ஆய்வு 2011-இல் வந்தது. எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, மாவுச்சத்து அதிகம் சாப்பிட்டு வந்த மக்களிடம் கூடுதல் பிரதிகளாக இருப்பதும் தெரிந்திருக்கிறது. கதை தவறு என்பதால் உணவு முறை முழுக்கத் தவறாகிவிடாது. இனிப்பு, மைதா, பாக்கெட் தின்பண்டம் எல்லாவற்றையும் விடச் சொல்கிறார்களே, அது நல்ல அறிவுரை. காய்கறியைக் கூட்டச் சொல்கிறார்கள், அதுவும் சரிதான்.

100 பாதாம் கணக்கு மட்டும் எனக்கு உறுத்தல். ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம் என்று வைத்தால் 120 கிராம், ஏறக்குறைய 700 கலோரி, 25 கிராம் புரதம். பாதாம் நல்ல உணவு, கெட்ட கொழுப்பான எல்டிஎல்லைக் கொஞ்சம் குறைக்கவும் செய்யும். ஆனால் அதில் சிறுநீரகக் கல் உண்டாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினம் இவ்வளவு சாப்பிடக் கூடாது. நெய், வெண்ணெய் விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். மாவுச்சத்தை நிறுத்தி நெய்யை ஏற்றியதும் ரத்தக் கொழுப்பில் ஒரு வகையான டிரைகிளிசரைடு இறங்கிவிடும், அது எல்லாருக்கும் மகிழ்ச்சி. சிலருக்கு அதே நேரத்தில் எல்டிஎல் கடகடவென்று ஏறும். "எல்டிஎல் ஏறினால் பரவாயில்லை, அது பெரிய துகள்" என்று குழுக்களில் ஆறுதல் சொல்கிறார்கள். பத்து வருடச் சர்க்கரை நோயாளிக்கு அந்த ஆறுதல் செல்லாது, அவருக்கு மாரடைப்பு அபாயம் ஏற்கெனவே கூடுதல். முட்டை மஞ்சள் கருவை நினைத்து அப்பா பயந்திருந்தால் அந்தப் பயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உணவில் உள்ள கொலஸ்ட்ராலுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்று இருந்த உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதல் 2015-இல் எடுத்துவிட்டது. எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நெய், வெண்ணெய், கொழுப்புள்ள கறி ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு.

இனி அம்மாவின் சிறுதானியம். எனக்குச் சிறுதானியம் பிடிக்கும், எங்கள் வீட்டிலும் சமைக்கிறோம். ஆனால் "அரிசிதான் எதிரி, வரகும் சாமையும் மருந்து" என்ற எண்ணம் நோயாளிகளுக்கு நிறையக் கெடுதல் செய்திருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 பட்டியலைப் பார்த்தால், 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் மாவுச்சத்து 78 கிராம். கேழ்வரகில் 67, வரகிலும் சாமையிலும் 66 அளவு, கோதுமை மாவில் 64. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் இரண்டு மடங்கு சாப்பிட அனுமதி தரும் வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் குறைவு. கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். இவை உண்மையான நன்மைகள். கடையில் வெள்ளை வெளேரென்று பாலிஷ் போட்டு வரும் சாமையிலும் தினையிலும் இந்த நன்மையில் பெரும்பகுதி உமியோடும் தவிட்டோடும் போய்விடுகிறது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகவோ கஞ்சியாகவோ குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். அதையே களியாக, கீரைக் குழம்போடு, அளவாகச் சாப்பிட்டால் ஏற்றம் குறையும். "ராகி நல்லதுதானே" என்று காலையும் இரவும் பெரிய டம்ளரில் கஞ்சி குடித்துவிட்டு, சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று கேட்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். நான் மேலே சொன்ன 2025 ஆய்வும் இதைத்தான் காட்டியது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறியவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறைவாக இருக்கவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்களின் புரதத்தை வைத்தால்தான் குறைவு தெரிந்தது. இது மக்கள் சாப்பிடுவதைக் கேட்டறிந்து செய்த ஆய்வு, ஒரு குழுவுக்குக் கொடுத்து சோதித்தது இல்லை. அதனால் காரணம் இதுதான் என்று முத்திரை குத்த முடியாது. ஆனால் உடலியல் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

இரவு சப்பாத்தி விஷயமும் இதேதான். "ராத்திரி சோறு தொடுவதே இல்லை, மூணு சப்பாத்தி மட்டும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். 30 கிராம் மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து, மூன்றில் 60. ஒன்றரைக் கிண்ணம் சோறும், அதாவது சமைத்த சோறு 200 கிராமும், அதே அளவுதான். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா இருந்தால் இன்னும் கூடும். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடச் சற்று மேல், உமியோடு அவிக்கும்போது பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கும். வடித்த சோறா குக்கர் சோறா என்பதில் எடைக்கு எடை பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. பழைய சோற்றுக்குச் சர்க்கரையே ஏறாது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடுகிறது என்பது சரிதான்; இந்தோனேசியாவில் 15 பேரை வைத்து 2015-இல் செய்த சிறிய ஆய்வில் அது 100 கிராமுக்கு 0.64 கிராமிலிருந்து 1.65 கிராமாக உயர்ந்தது. ஒரு கிராம் வித்தியாசத்துக்கு எவ்வளவு கொண்டாட்டம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய சோறு சாப்பிடட்டும், சோற்றின் அளவிலேயே கணக்கு வைக்கட்டும்.

கருப்பட்டியைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ். கருப்பட்டியில் இரும்பும் பிற தாதுக்களும் கொஞ்சம் இருக்கின்றன, காபிக்குப் போடும் அளவில் அது பெரிய கணக்கில் வராது. ஓர் உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் எண்தான் கிளைசீமிக் குறியீடு. இணையத்தில் கருப்பட்டிக்குப் பரவும் 35 என்ற குறியீடு பிலிப்பைன்ஸில் தென்னஞ்சர்க்கரைக்கு அளந்தது. அந்த வகைச் சர்க்கரையை சிட்னி பல்கலைக்கழகம் அளந்தபோது 54 வந்தது. பனை ஏறுபவர்களுக்கு வருமானம் கிடைக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன், சர்க்கரை இல்லாத உறவினர்களுக்குப் பரிசாகவும் வாங்கிக் கொடுக்கிறேன். சர்க்கரை நோயாளிக்கு அதை "சேஃப்" என்று விற்பது தவறு. தேனும், வெல்லமும், நாட்டுச் சர்க்கரையும் இதே வரிசையில் வருபவைதான். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஒரு காபிக்கு மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

இந்துப்பு 95 சதவீதத்துக்கு மேல் சாதாரண சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்தைக் கூட்டாது என்பது பொய். கூடுதலாக, பெரும்பாலும் அதில் அயோடின் சேர்ப்பதில்லை. தேங்காய் எண்ணெயைப் பொறுத்தவரை, 16 ஆய்வுகளைச் சேர்த்து 2020-இல் வந்த அலசலில், மற்ற தாவர எண்ணெய்களைவிட அது எல்டிஎல்லைச் சுமார் 10 புள்ளி கூட்டியது. செக்கில் ஆட்டினால் மணம் நன்றாக இருக்கும், கொழுப்பின் வகை மாறாது. அவியலுக்கும் தாளிப்புக்கும் ஒரு ஸ்பூன் போதும், காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் பழக்கம் வேண்டாம்.

மூலிகைகளில் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இங்கே எல்லாம் கட்டுக்கதை இல்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் கொஞ்ச நேரம் நாக்கில் இனிப்பே தெரியாது, அது கண்கூடான உண்மை. 1990-இல் சென்னை ஆய்வாளர்கள் அதன் சாரத்தை வழக்கமான மாத்திரையோடு 22 நோயாளிகளுக்கு ஒன்றரை வருடம் கொடுத்து, சர்க்கரை குறைந்ததாகப் பதிவு செய்தார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் யாருக்கு மருந்து, யாருக்குப் போலி என்று குலுக்கிப் பிரித்துப் பெரிய அளவில் செய்த ஆய்வு இல்லை. பாகற்காய் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் வெளியிட்ட அலசலின் முடிவு, போதுமான ஆதாரம் இல்லை என்பது. வெந்தயம் அதன் நார்ச்சத்தால் கொஞ்சம் உதவும், சாப்பிடலாம். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழியே இருக்கிறது. எலிகளில் பார்த்த பலனை மனிதர்களில் யாரும் சரியாக நிரூபிக்கவில்லை. கசப்பு இனிப்பை முறிக்கும் என்ற எண்ணத்துக்கு உடலியலில் இடம் இல்லை, நாக்கின் சுவை வேறு, ரத்தத்தின் சர்க்கரை வேறு. காயாக, இலையாகச் சமைத்துச் சாப்பிடுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் கிடையாது. பெயர் தெரியாத டப்பாவில் வரும் பொடியைத்தான் தவிருங்கள். சில பொடிகளில் ஆங்கில மருந்தையே கலந்து விற்றது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. க்ளிமிபிரைடு சாப்பிடுபவர் அதையும் சேர்த்து விழுங்கினால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதை வைத்தே யோசித்துப் பாருங்கள்.

அப்பா மாத்திரையை நிறுத்தத் துடிப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டீர்களா? பெரும்பாலும் பதில் "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துவிடும்" என்பதாக இருக்கும். அது கெடுக்காது. சிறுநீரகத்தைக் கெடுப்பது பல வருடம் ஏறிக் கிடந்த சர்க்கரையும் ரத்த அழுத்தமும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டால் அந்த மருந்து உடம்பில் தங்கும், அதனால் சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30-க்குக் கீழே நிறுத்துவார்கள். டாக்டர் நிறுத்தியதைப் பார்த்தவர்கள் மருந்துதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். மெட்ஃபார்மினுக்கு உண்மையான ஒரு பக்கவிளைவு உண்டு, நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆகவே சண்டை வேண்டாம். "நீங்கள் குறைத்தது வேலை செய்திருக்கிறது, அதனால்தான் பழைய அளவு மாத்திரை இப்போது அதிகமாகியிருக்கலாம், டாக்டரிடம் கேட்டுக் குறைக்கலாம் வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் விரும்புவதும் அதுதானே, மாத்திரை குறைய வேண்டும். பல நேரம் முதலில் குறைப்பது க்ளிமிபிரைடாகத்தான் இருக்கும், ஆனால் முடிவு மருத்துவருடையது. உணவில் நான் சொல்வது இவ்வளவே: தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறோ இட்லியோ களியோ சப்பாத்தியோ, மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி, தயிர் இவற்றில் ஏதாவது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு கடைசியில் சோறு சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது என்று சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை. எந்தத் தானியம் என்று வீட்டில் வாதம் வந்தால் குளுக்கோமீட்டரை எடுங்கள். ஒரு நாள் ஒரு கிண்ணம் சோறு, இன்னொரு நாள் அதே கிண்ணம் சாமை, கூட்டும் குழம்பும் அதேதான். சாப்பிடும் முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். அப்பாவின் உடம்புக்கு எது எவ்வளவு ஏறுகிறது என்பதை அந்த எண் எங்கள் எல்லாரையும்விடச் சரியாகச் சொல்லும்.

டாக்டரிடம் போகும்போது இந்த மூன்று வாரச் சாப்பாட்டை ஒரு தாளில் எழுதி, மீட்டர் எண்களோடு கொண்டுபோங்கள். கொழுப்புப் பரிசோதனை, கிரியாட்டினினோடு இஜிஎஃப்ஆர், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், ஹீமோகுளோபின், பி12 ஆகியவற்றைக் கேட்டு எடுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணே தவறாகக் காட்டும், அதனால்தான் ஹீமோகுளோபினையும் சொல்கிறேன். புரதத்தை அப்பா எவ்வளவு வரை கூட்டலாம், பாதாம் 100-ஐ எத்தனைக்குக் குறைக்க வேண்டும் என்பதை இஜிஎஃப்ஆரும் ஆல்புமினும் தெரியாமல் இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அந்த இரண்டு எண்களும், அப்பாவின் எடையும் உயரமும் கிடைத்ததும் எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.